எங்கள் லேனில் யாரும் சாகவில்லை

1

போன மாதம், நான் இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருடம் முடிந்த அதே வாரத்தில், எங்கள் பகுதிக் குடியிருப்பாளர் கூட்டத்துக்கு முதல் தடவையாகப் போனேன். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்தில் இதெல்லாம் ஒரு மண்டபத்தில், மாலை நேரத்தில், ஹீட்டர் போட்டு நடக்கும். அன்றைய பேச்சு நடைபாதை ஓரத்து மரம் ஒன்றைப் பற்றி. வெட்டுவதா, விடுவதா? ஆளுக்கு இரண்டு நிமிடம். நேரம் முடிந்தால் தலைமை தாங்கிய மார்கரெட் அம்மா ஒரு சின்ன மணியைத் தட்டுவார். வேர் புகுந்து மதில் வெடித்துப்போன ஒரு மனிதர் எழுந்தார். மரங்கள் மீது தனக்கு எவ்வளவு மரியாதை என்று சொல்லிக்கொண்டே போனார். வெட்டத்தான் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தபோது மணி அடித்தது. அவர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. எங்கள் லேனாக இருந்தால் அந்த மனிதர் வெடித்த மதிலில் ஒரு துண்டைத் தூக்கிவந்து மேசையில் போட்டிருப்பார். மணியை யாராவது ஒளித்து வைத்திருப்பார்கள்.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது மார்கரெட் என்னிடம் வந்தார். புதிதாக வருபவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவது இங்கே ஒரு ஒழுங்கு.

“உங்கள் ஊரிலும் இப்படிக் கூட்டங்கள் உண்டா?”

“உண்டு.”

“எப்படி ஆட்களைக் கூட்டுவீர்கள்? எங்களுக்கு அதுதான் பெரிய பாடு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் இஞ்சி பிஸ்கட் வேறு. இருமி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாட்ஸ்அப்பில்” என்றேன். அது பாதி உண்மை. மீதியை அவருக்கு விளக்க வேண்டுமென்றால் முதலில் கண்டியை விளக்க வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை. ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் வீடு மஹய்யாவையில். பெரிய ரோட்டிலிருந்து மேலே ஏறும் ஒரு லேனில். லேன் என்பது பெயர்தான், முக்கால்வாசி படிக்கட்டு. கீழே பாதியில் பெரும்பாலும் எங்கள் ஆட்கள். மாநகர சபையில் வேலை பார்த்தவர்கள், பார்ப்பவர்கள். மேலே பாதியில் முஸ்லிம் குடும்பங்கள். நடுவில் ஒரு வளைவு. லேன் முழுவதிலும் சமதரை அந்த வளைவு ஒன்றுதான். அங்கேதான் எங்கள் வீடு.

எங்கள் வீட்டு வாசலில் தகரம் போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் அம்மாவின் அடுப்பு. பெரிய ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அம்மா விடியக்காலையில் இடியப்பம் அவித்துக் கொடுப்பார். அப்பா சபையில் சாக்கடைக் கான் துப்புரவு செய்யும் பகுதியில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு என்னைப் படிக்கவைத்தது அந்த அடுப்புத்தான். அம்மாவும் அப்பாவும் பெருவிரல் வைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான், பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான், விமானம் ஏறிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. இங்கே தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். வெள்ளைக் கோட்டு போட்ட படத்தை அம்மா சட்டகம் போட்டு மாட்டியிருக்கிறார், சாமிப் படத்துக்குக் கொஞ்சம் மேலே.

புறப்படுவதற்கு முன்பு லேனுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிக் கொடுத்தேன். பெயர் ‘நம்ம படிக்கட்டு’. இன்றைக்கும் நான்தான் நிர்வாகி. வேறு ஆளுக்குக் கொடுக்கிறேன் என்றால் இரண்டு பாதியும் ஒத்துக்கொள்ளாது. “நீ வெளிநாட்டுல இருக்கதாலதான் நீ பொது” என்று முருகேசு அண்ணன் சொல்லிவிட்டார். அவர் எங்கள் மரணாதார சங்கத்தின் செயலாளர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஆட்கள் உட்காரக் கதிரை, கூடாரம், கொடி எல்லாம் அவர் பொறுப்பு.

ஊரில் காலை ஆறு மணி என்றால் இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். நான் ஆய்வுகூடத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது குழு விழித்துக்கொள்ளும். தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும்? பெரஹர ஊர்வல நாளில் எந்தப் பாதையை மூடுவார்கள், கம்பளை பஸ்ஸை எங்கே பிடிப்பது? குரங்கு டேங்க் மூடியைத் திறந்து உள்ளே குளிக்கிறது, என்ன செய்யலாம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் அன்று மாலைவரை பதில் வந்தது. ஒருவர் பட்டாசு என்றார். ஒருவர் கண்ணாடி வைத்தால் தன் முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடும் என்றார். கண்ணாடி வைத்தவர் மறுநாள் குரல் பதிவு போட்டார்: “கண்ணாடியையும் எடுத்துகிட்டுப் போயிருச்சுங்க.”

எல்லாவற்றுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டுப் பதில் எழுதுபவர் மாஸ்டர். யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், கண்டிக்கு மாற்றலாகி வந்தவர் திரும்பிப் போகவேயில்லை. அவருக்கு முன்னால் பதில் போடும் ஒரே ஆள் ஷிஃப்கா. அவளுக்குப் பதினைந்து வயது. லேனின் உச்சியில், கடைசி வீடு. கைபேசியில் தேடி, எந்த அலுவலகத்துக்கு எந்த நாள் போக வேண்டும், எந்தப் பத்திரம் வேண்டும் என்று நொடியில் சொல்லிவிடுவாள். அவள் எந்த நேரமும் குழுவில் இருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி எட்டு ஒன்பது மாதமாகியிருந்தது.

3

இங்கேயும் எங்கள் பகுதிக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் பெரும்பாலும் தொலைந்துபோன பூனைகள். அடுத்தது பறவைகள். காட்டிலிருந்து வந்து கூரையைக் கொத்திப் பெயர்க்கும் பழுப்பு நிறக் கிளி ஒன்று உண்டு. அதற்கு இந்த நாட்டில் ‘காக்கா’ என்று பெயர். என் மகள் மிருதுளாவுக்கு ஐந்து வயது. அவள் அம்மம்மாவுடன் கைபேசியில் பேசும்போது, பின்னால் தகரத்தில் கறுப்பாக ஒன்று கரைந்தது.

“அம்மம்மா, அது என்ன?”

“காக்காடி தங்கம்.”

“இல்ல, காக்கா அப்படி இருக்காது. காக்கா கிளி.”

“காக்கா கிளியா? அடியே, இது என்னடி உம் புள்ள காக்காயையே மாத்துது!” அம்மா சிரித்துச் சிரித்துக் கைபேசியை மாவுக்குள் போட்டுவிட்டார். நானும் சிரித்தேன். அன்று மாலையே மகளுக்குக் கண்டிக் காக்காயைப் பற்றி ஒரு நீண்ட பாடம் எடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓகே, அது ஸ்ரீலங்கன் காக்கா” என்று முடித்தாள்.

இந்த நகரம் முழுக்க மலை. இங்கேயும் வீடுகளுக்குப் படி ஏறித்தான் போக வேண்டும். ஆனால் சில வீடுகளில் வயதானவர்களுக்காக ஒரு சின்னப் பெட்டி தண்டவாளத்தில் மேலே போகும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் நினைத்தது என் அம்மாவை அல்ல; ஷிஃப்காவை.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவள் கால்கள் சரியாக வளரவில்லை. அவள் வாப்பா ரியாஸ் நானா (அவர்கள் பக்கம் அண்ணனை நானா என்பார்கள்) கம்பளையில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். முன்பெல்லாம் காலையில் அவளை முதுகில் தூக்கி இறக்கி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார். பிள்ளை வளர்ந்தாள். நானாவின் முழங்கால் ஒருநாள் படியில் மடங்கியது. இரண்டு பேரும் விழவில்லை, விழப் பார்த்தார்கள். அதோடு அவள் சொல்லிவிட்டாள்: “வாப்பா, இனி நான் ஊட்டுலயே படிக்கிறன்.”

அடுத்த வருடம் அவளுக்குச் சாதாரண தர அரசாங்கப் பரீட்சை. தோழி ஒருத்தி வகுப்பில் எழுதிய கொப்பிகளைக் கொண்டுவந்து கொடுப்பாள். கணக்கில் சந்தேகம் வந்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்புவாள். நான் போட்டு அனுப்புவேன். ஒருநாள் எழுதினாள்: “அக்கா, கொப்பியில எல்லாம் ஈக்கி. டீச்சர் சிரிக்கச் சிரிக்க என்ன பகிடி விட்டாங்கண்டு மட்டும் கொப்பியில இல்ல.”

4

ரியாஸ் நானா மாநகர சபைக்கு நடக்கத் தொடங்கினார். படிக்கட்டை உடைத்து த்ரீவீல், அதாவது ஆட்டோ, ஏறும் அளவுக்கு ஒரு கொங்கிரீட் பாதை போட வேண்டும் என்று கேட்டார். இன்றைக்கு எஞ்சினியர் சேர் இல்லை, பொதுமக்கள் நாளில் வாருங்கள் என்பார்கள். பொதுமக்கள் நாளில் போனால் சேர் வெளியே போயிருப்பார். எங்கள் வட்டாரத்து உறுப்பினரை லேனுக்கு வந்து பார்க்கும்படி எத்தனையோ தடவை கூப்பிட்டார்கள். கட்டாயம் வருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

கடைசியில் ஒரு தொழில்நுட்ப அலுவலர் நாடா பிடித்து அளந்தார். பாதை போடலாம்; ஆனால் வளைவில் இடம் போதாது. அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் கொட்டகையில் இரண்டு அடி போக வேண்டும்.

எங்கள் கொட்டகை. அம்மாவின் அடுப்பு.

குழுவில் அன்றைக்கு நடந்ததை மார்கரெட் மணி அடித்து நிறுத்தியிருக்க முடியாது. மேல் பாதி பாதை வேண்டும் என்றது. கீழ்ப் பாதியில் சிலர் த்ரீவீல் வந்தால் பிள்ளைகள் எங்கே விளையாடுவது என்றார்கள். மாஸ்டர் ஒன்று முதல் ஏழு வரை இலக்கம் போட்டார். ஆறாவது, மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்பது. “அது முக்கியமான கேள்வி மாஸ்டர், ஆனா உங்க ஏழாவது என்னன்னு யாருக்கும் விளங்கல” என்றார் முருகேசு அண்ணன். “ஆறாவதை வாசிச்சு விளங்கினால் ஏழாவது தானா விளங்கும்” என்றார் மாஸ்டர்.

நான் பாதைக்காகப் பேசினேன். படித்த பெண், நிர்வாகி, பேசாமல் இருக்க முடியுமா? ஒரு பிள்ளையின் படிப்பு பெரிதா, இரண்டு அடி பெரிதா என்று நீளமாக எழுதினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். குரல் பதிவு வந்தது.

“நீ அங்கன குளுருல ஒக்காந்துகிட்டு என் வாசல அளக்காத. ஷிஃப்கா புள்ள பள்ளிக்கூடம் போவணும்னு எனக்கு மட்டும் ஆச இல்லியா? ஆனா ரெண்டு அடி ரெண்டு அடின்னு சொல்றியே, அந்த ரெண்டு அடியிலதான் அடுப்பு இருக்கு. வீட்டுக்குள்ள வச்சா புகையில சாவேன். அடுப்பு இல்லாட்டி நான் எங்க போயி அவிப்பேன்?”

நான் உடனே பதில் போட்டேன். “அம்மா, நான்தான் மாசாமாசம் அனுப்புறேனே. நீங்க இனி ஓய்வா இருங்க.”

லேன் முழுவதும் கேட்க, பதில் வந்தது.

“படிச்சது நீ. புழிஞ்சது நானு. என்னைய மூலையில ஒக்கார வைக்க நீ யாருடி?”

அதற்கடுத்த வரியை எழுதியது வாட்ஸ்அப்: பாக்கியம் வெளியேறினார். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு வெளியேறத் தெரிந்திருந்தது.

என்னைப் படிக்கவைத்த அடுப்பு இன்னொரு பிள்ளையின் வழியில் நின்றது. ஷிஃப்கா எனக்குத் தனியாக எழுதினாள்: “அக்கா, மாமிய ஏசாதீங்க. அவங்க இடியப்பம் இல்லாட்டி எனக்கும் நாஸ்டா இல்ல.” எதிரும் புதிருமாக நின்ற அந்த நாட்களிலும் அம்மா தினமும் காலையில் மேல் வீட்டுக்கு ஒரு தட்டு அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதைப் பற்றிக் குழுவில் யாரும் பேசவில்லை.

5

திங்கட்கிழமை எஞ்சினியர் வருவதாகச் செய்தி வந்தது. பாதையின் இரண்டு விளிம்பும் கண்ணுக்குத் தெரியும்படி கயிறு கட்டி வையுங்கள் என்று அலுவலர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை பின்னேரம் அந்த வேலையை முருகேசு அண்ணன் எடுத்துக்கொண்டார். வெறும் கயிறு தூரத்தில் தெரியாதே என்று யோசித்திருக்கிறார். சங்கத்து அலுமாரியைத் திறந்தார். அங்கே கயிறும் இருந்தது, கயிற்றில் ஏற்கனவே தைத்த கொடிகளும் இருந்தன. பெரிய ரோட்டிலிருந்து உச்சிவரை, இரண்டு பக்கமும், வரிசையாகக் கட்டிவிட்டார்.

வெள்ளைக் கொடிகள்.

கண்டியில் ஒரு லேனின் வாசலில் வெள்ளைக் கொடி பறந்தால் அதன் அர்த்தம் என்னவென்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நாற்பது வருடமாக அதே கொடியைச் சாவு வீடுகளுக்குக் கட்டிய முருகேசு அண்ணனுக்கு மட்டும் அன்று தோன்றவில்லை. பிறகு கேட்டதற்கு அவர் சொன்ன நியாயம் இது: “பச்சை கட்டினா ஒரு கட்சிம்பாங்க. நீலம் கட்டினா இன்னொரு கட்சி. சிவப்பு கட்டினா இப்ப இருக்கிற நெலமையில கேக்கவே வேணாம். வெள்ளைதானே யாருக்கும் சொந்தமில்ல?”

ஞாயிறு விடிந்தது. பெரிய ரோட்டில் போன த்ரீவீல்கள் வேகத்தைக் குறைத்தன. நிமல் என்ற சாரதி, லேனுக்குக் கீழே நிறுத்துபவர், தொப்பியைக் கழற்றிவிட்டு செத்தது யாரென்று கேட்டார். கொடி கட்டிய முருகேசு அண்ணன் களைப்பில் இன்னும் எழும்பவில்லை. யாருக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை என்பதால் ஆளாளுக்கு ஊகித்தார்கள். மாஸ்டர் நேற்று மத்தியானத்திலிருந்து குழுவில் ஒரு வரிகூடப் போடவில்லையே என்று யாரோ சொன்னார். அது போதுமாக இருந்தது.

எனக்கு அப்போது பின்னேரம். மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். குழு திறந்ததும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கைகூப்பிய படங்கள். ‘மாஸ்டருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.’ ‘எங்கள் லேனின் விளக்கு அணைந்தது.’ குளோரின் வாசத்துக்கு நடுவில் நான் அழுதேன். பிறகு எழுதினேன். நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது பெறுபேற்றை முதலில் வாசித்து லேன் முழுக்கக் கத்தியவர் அவர் என்று. அவர் வாதாடாத நாள் எங்களுக்கு நாளே இல்லை என்று. அவருடைய ஏழாவது இலக்கம் கடைசிவரை எங்களுக்கு விளங்காமலே போய்விட்டதே என்று. நல்லதோர் இரங்கல். இன்றும் எனக்கு அதில் பெருமைதான்.

சற்று நேரத்தில் பதில் வந்தது. மாஸ்டரிடமிருந்து.

“பிள்ளை, டேட்டா முடிஞ்சுபோச்சு. இப்பதான் போட்டனான். உம்மடை எழுத்தை வாசிச்சன். உயிரோடை இருக்கேக்க இதை வாசிக்கக் குடுத்துவைச்சவன் நான் ஒருத்தன்தான். ஏழாவதை நேரிலை விளங்கப்படுத்துறன்.”

அதற்குள் லேன் நிறைந்துவிட்டது. சாவு வீட்டுக்குக் கொடுக்கும் சீனிப் பைக்கற்றும் தேயிலையுமாக ஆட்கள் ஏறிவந்தார்கள். சங்கத்தின் கொடியைப் பார்த்த சங்க உறுப்பினர்கள் கேள்வி கேட்காமல் சங்கத்தின் கதிரைகளைத் தூக்கிவந்து வளைவில், எங்கள் கொட்டகைக்கு முன்னால், வரிசையாகப் போட்டார்கள். மாஸ்டர் குடையோடு இறங்கி வந்து, “ஆர் செத்தது?” என்று கேட்டார். கதிரை தூக்கிவந்தவர்களில் ஒருவர் கதிரையைக் கீழே போட்டுவிட்டார். “நீங்கதான் மாஸ்டர்” என்றார் இன்னொருவர். “அப்ப நான் எங்கை இருக்கிறது, முன் வரிசையிலையோ?” என்று மாஸ்டர் உட்கார்ந்துகொண்டார்.

வந்தவர்கள் கொண்டுவந்த சீனியைத் திருப்பிக் கொண்டுபோவது எப்படி? அம்மா அடுப்பை மூட்டி எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டார்.

அப்போது உறுப்பினர் வந்தார். வெள்ளை உடையில், கையில் மலர்வளையத்தோடு, இரண்டு ஆட்களோடு. பாதைக்காகக் கூப்பிட்டபோது ஒருநாளும் வராத மனிதர். நம்மூரில் எந்த அரசியல்வாதியும் சாவுக்குக் கட்டாயம் வருவார். படியேறி மூச்சு வாங்கி, குரலைத் தாழ்த்தி, பூதவுடல் எந்த வீட்டில் என்று சிங்களத்தில் கேட்டார்.

எல்லாரும் முருகேசு அண்ணனைப் பார்த்தார்கள். முருகேசு அண்ணன் மலர்வளையத்தைப் பார்த்தார்.

“இன்னும் யாரும் சாகலீங்க,” என்றார். “செத்தா இந்தப் படியில எப்படி எறக்குறதுன்னுதான் பேசிக்கிட்டு இருக்கோம். ஒக்காருங்க.”

உட்காராமல் போக அவருக்கு வழி இல்லை. கீழே படி முழுக்க ஆட்கள். அவர் கையில் அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்.

6

நான் அந்தக் கூட்டத்தை ஷிஃப்காவின் கைபேசி வழியாகப் பார்த்தேன். அவளும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். நான்கு பேர் அவளை ஒரு சங்கக் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். கைபேசி அவள் கையில் இருந்தது. வானம் தெரிந்தது, ஒரு வெள்ளைக் கொடி, தகரக் கூரை, ரியாஸ் நானாவின் வேர்த்த காது. “மெல்ல, மெல்ல, அந்தக் கால எடு” என்று யாரோ சொல்ல, வளைவில் எல்லாம் ஒருபக்கமாகச் சரிந்தது. கதிரை திரும்பவில்லை. எங்கள் கொட்டகைத் தூண் அவ்வளவு கிட்டத்தில் வந்தது. அவளைக் கதிரையோடு சரித்துத்தான் திருப்பினார்கள். ஷிஃப்கா சிரித்துக்கொண்டே, “அக்கா, இது உங்கட ஊட்டுத் தூண், வணக்கம் சொல்லுங்க” என்றாள். நான் வெலிங்டனில் வாங்குப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லாரும் பேசினார்கள். உறுப்பினர் பாதை கட்டாயம் போட வேண்டும் என்றார். அம்மாவைப் பார்த்து, இந்த அம்மாவுக்குச் சந்தையில் ஒரு இடம் பார்த்துக் கொடுக்கலாம் என்றார்.

“சந்தையில எனக்கு என்ன வேல?” என்றார் அம்மா. “என் கடைக்காரங்க எல்லாம் இங்கன இருக்காங்க. நான் அவிக்கிறது இங்கன.”

அப்போது ஷிஃப்காவின் குரல், கைபேசிக்குப் பின்னாலிருந்து.

“மாமி, எங்கட ஊட்டுப் பின்னால முந்தி கோழிக்கூடு ஈந்த எடம் சும்மாத்தான் ஈக்கி. தகரமும் ஈக்கி. அங்க அடுப்பு வைங்களேன். உம்மாக்கும் கையுதவி.”

“மேலயா? நல்ல புள்ள நீ. மாவு மூட்டைய யாரு தூக்கிகிட்டு ஏறுறது? உங்க வாப்பாவா, அந்த முழங்கால வச்சுகிட்டு?”

“பாக்கியம் அக்கே, ரோடு வந்தா என் த்ரீவீல்ல வரும்தானே!” என்று நிமல் படியிலிருந்து கத்தினார். “மாவு மேலே, இடியப்பம் கீழே!”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கொட்டகையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். என்னை, அதாவது கைபேசியை, ஒரு கணம் முறைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா கொடிக் கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“இதுதான் உங்க ரெண்டு அடியா?”

“ஆமாக்கா,” என்றார் முருகேசு அண்ணன்.

“இதுல த்ரீவீல் ஒரே திருப்புல திரும்புமா நிமலு?”

நிமல் இறங்கி வந்து பார்த்தார். “ஒரு தடவை பின்னால எடுக்கணும் அக்கே.”

“பின்னால எடுத்தா ஆட்டத்துல என் தட்டெல்லாம் சரியும். அந்தப் புள்ளைக்கும் பயம்.” அம்மா கயிற்றை அவிழ்த்து, கொட்டகைக்குள் இன்னும் ஒரு எட்டு நடந்து, அடுப்புக்கும் அந்தப் பக்கம் இருந்த தூணில் கட்டினார். “எடுக்கிறதுன்னா ஒழுங்கா எடுங்க. ஒரே திருப்புல திரும்பணும். ஆனா மேல எனக்கு அடுப்பு வச்சபொறவுதான் இங்க கடப்பாரை.”

முருகேசு அண்ணன் உறுப்பினரைப் பார்த்து, “சேர், இத்தன பேரு கேட்டுக்கிட்டிருக்கோம்” என்றார். உறுப்பினர் அங்கேயே எஞ்சினியருக்கு அழைப்பு எடுத்தார். மலர்வளையத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாஸ்டர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, “ஆறாவது, மழைத்தண்ணி” என்று ஆரம்பித்தார். இம்முறை எஞ்சினியர் அலைபேசியில் இருந்ததால் அதற்கும் பதில் கிடைத்தது. ஒரு கான் வெட்டுவார்கள்.

கொட்டகையை மாநகர சபை உடைக்கவில்லை. மேல் வீட்டில் புது மண் அடுப்பு காய்ந்த மறுநாள் அம்மாவே முருகேசு அண்ணனை வைத்துப் பிரித்தார். தகரம் ஒன்றுகூட வீணாகவில்லை என்று எனக்குக் காட்டினார்.

இப்போது பாதை வளைவுவரை வந்து நிற்கிறது. அதற்கு மேலே மழை விட்டால்தான் கொங்கிரீட் போடுவார்களாம். அதுவரை மாவு மூட்டையை வளைவிலிருந்து மேலே தூக்கிப்போவது நிமல். ஷிஃப்கா மழை விடும்வரை காத்திருக்கத் தயாராக இல்லை. வளைவுக்கு மேலே படி நேராக இருப்பதால் ரியாஸ் நானாவும் முருகேசு அண்ணனுமாக அவளைக் கதிரையில் இறக்குகிறார்கள். வளைவில் நிமலின் த்ரீவீல் நிற்கும். அவள் ஏறி உட்கார்ந்ததும் அம்மா மேலிருந்து இறக்கிவந்த, துணி மூடிய இடியப்பத் தட்டுகளை அவள் பக்கத்தில் அடுக்குவார். வகுப்புக்குள் அவள் நுழைந்தால் எல்லாருக்கும் பசிக்கிறதாம். டீச்சரின் முதல் பகிடியே அதைப் பற்றித்தானாம். எனக்கு அன்றைக்கே எழுதிவிட்டாள்.

கடைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கின்றன. இறக்கிவிட்டுப் போனால் நிமலுக்குச் சுலபம். அம்மா விடவில்லை. முதலில் பள்ளிக்கூடம், திரும்பி வரும்போதுதான் கடை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதனால் பெரிய ரோட்டுக் கடை முதலாளிக்குத் தினமும் இடியப்பம் கொஞ்சம் ஆறித்தான் கிடைக்கிறது. அவர் அம்மாவிடம் நேரில் வந்து முறைப்பட்டிருக்கிறார்.

அம்மா கேட்டாராம்: “ஆறின இடியப்பத்துக்குச் சூடா சொதி ஊத்தலாம் மொதலாளி. ஆறிப்போன படிப்புக்கு என்னத்த ஊத்துறது?”

முதலாளி போய்ச் சொதியை அடுப்பில் வைத்தாராம்.